ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறேன், சனி ஞாயிறு எப்படி இருக்கும்? ஐரோப்பாவில் இருக்கும் மதுரைக்காரர்கள் சொல்லுங்களேன்

வில்லாபுரத்துப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மதுரை வில்லாபுரம். படித்தது எல்லாம் இங்கேதான், அப்புறம் கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை, இப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எஸ்லிங்கன் என்ற ஊரில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்து விசாவும் கைக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறேன். தனியாகத்தான் போகிறேன், அந்தப் பக்கம் சொந்தம் என்று யாரும் கிடையாது.

வேலையைப் பார்த்துக்கொள்வேன், அதில் பயமில்லை. மற்ற நேரத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன். என்னோடு படித்தவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் ஒரு சனிக்கிழமை பாரிஸ், அடுத்த சனிக்கிழமை பிராக் என்று இருக்கிறது. எனக்கும் ஊர் பார்க்கும் ஆசை நிறைய உண்டு. ஆனால் வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும், தம்பி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக இதற்கெல்லாம் மிஞ்சுமா என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மாவின் கவலை வேறு. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் காலையிலேயே கறிக்கடைக்குப் போக வேண்டும், மத்தியானம் சித்தப்பா வீடு, அத்தை வீடு எல்லாம் வந்து சாப்பிட்டுச் சாயங்காலம்தான் கிளம்புவார்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து 'நாள் முழுக்க அறைக்குள் ஒத்தையில் என்ன செய்வே' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உண்மையில் வாரக் கடைசி எப்படிப் போகும்? ஊர் சுற்ற எவ்வளவு ஆகும்? போன உடனே எதைச் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், அப்பாவுக்கும் படித்துக் காட்டுவேன்.

தல்லாகுளத்தான்:

வாழ்த்துகள் தங்கச்சி. எஸ்லிங்கன் அழகான ஊர். நெக்கர் ஆற்றங்கரையில் பழைய மரச்சட்ட வீடுகள், மேலே கோட்டை வரைக்கும் திராட்சைத் தோட்டம், எஸ் 1 ரயிலில் ஏறினால் ஸ்டுட்கார்ட் கொஞ்ச நேரம்தான். நான் குடும்பத்தோடு சில வருஷமாக ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன்.

முதலில் அப்பாவின் கேள்வி. இங்கே டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒரு மாதச் சந்தா இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள், 2025-இல் 58 ஆக்கினார்கள், 2026 ஜனவரியிலிருந்து 63. ஜெர்மனி முழுக்க டவுன் பஸ், டிராம், பாதாள ரயில், ஊருக்கு ஊர் ஓடும் சாதாரண ரயில் எல்லாவற்றிலும் இதை வைத்து ஏறலாம். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களில் மட்டும் செல்லாது. ஆபீஸ் போக எப்படியும் இதை வாங்கத்தான் போகிறீர்கள், பல கம்பெனிகள் ஒரு பங்கு பணமும் கொடுக்கும், எச்ஆரிடம் கேளுங்கள். அதனால் சனி ஞாயிறு ரயிலுக்கென்று தனியாக ஒரு காசு எடுத்து வைக்க வேண்டாம். ரத்து செய்வதென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

இந்த டிக்கெட்டை வைத்து எங்கே போகலாம் என்று கேட்டால் நான் நாள் முழுக்கப் பேசுவேன். காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடக்கூடிய ஊர்களே அவ்வளவு இருக்கின்றன. ட்யூபிங்கன் பழைய பல்கலைக்கழக ஊர். உல்மில் இருக்கும் தேவாலயத்தின் கோபுரம் 161.5 மீட்டர், 1377-இல் தொடங்கிய கட்டடம் 1890-இல்தான் முடிந்தது, 2025 வரைக்கும் உலகத்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம் அதுதான். மேலே போக 768 படி, வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஏறுங்கள், தெற்கே ஆல்ப்ஸ் மலை தெரியும். இன்னும் தெற்கே போனால் போடன்சே ஏரி, அதன் கரையை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் பங்கு போட்டிருக்கின்றன. லிண்டாவ் தீவு ஊரில் இறங்கிக் கரையோரம் நடந்தாலே ஒரு நாள் போய்விடும், பக்கத்தில் இருக்கும் ப்ரெகென்ஸ் ஊர் ஆஸ்திரியாவில் இருக்கிறது, அதற்கு மட்டும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். கார்ல்ஸ்ரூவிலிருந்து கான்ஸ்டன்ஸ் போகும் ரயில் கருங்காட்டு மலைக்குள் 39 சுரங்கப்பாதைகளைத் தாண்டிப் போகிறது. ஜன்னல் ஓரம் உட்காருங்கள், அக்டோபரில் போனால் மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும்தான். என்னைக் கேட்டால் பாரிஸுக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும்.

இதே டிக்கெட்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் போகலாம், ஆனால் உங்கள் ஊரிலிருந்து சாதாரண ரயிலில் நேரம் அதிகம், ஒரு ராத்திரி தங்கினால்தான் சரிப்படும்.

வெளிநாட்டு நகரங்களை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தில் வியாழக்கிழமையிலேயே வரும் அரசு விடுமுறைகள் மே, ஜூன் பக்கம் உண்டு, வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் கிடைக்கும். சும்மா ஒரு சனி ஞாயிறுக்காக விமானம் ஏறினால் பாதி நேரம் ஏர்போர்ட்டிலேயே போகும். மலிவு டிக்கெட் என்று பார்த்தால் விமானம் எங்கே இறங்குகிறது என்றும் பாருங்கள். பிராங்பர்ட் ஹான் என்று பெயர் இருக்கும், பிராங்பர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த பஸ் காசையும் கூட்டினால் மலிவு ஒன்றும் இல்லை.

செல்லூர் அக்கா:

தம்பி சொன்ன ஊர்கள் எல்லாம் அருமையானவை, ஆனால் தங்கச்சி, முதல் சில மாதம் உங்கள் சனிக்கிழமையை ரயிலுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். நாங்கள் ஜெர்மனியில் ஹைல்பிரானில் இருந்துவிட்டு இப்போது நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறோம்.

முதலில் வீடு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். அது இருந்தால்தான் வரி எண் வரும், மற்ற வேலையும் நடக்கும். அந்தக் கடிதம் எல்லாம் தபாலில்தான் வரும், தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் போடாமல் திருப்பிவிடுவார். எனவே சாவி வாங்கியதும் முதல் வேலை பெயர் ஒட்டுவது. வீடு பார்க்கும்போது சமையலறை உண்டா என்று கேளுங்கள். நிறைய வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இல்லாமல் வெறும் அறையாகத்தான் கொடுப்பார்கள், நாமே வாங்கிப் பொருத்த வேண்டும், அதில் பெரிய தொகை போய்விடும். முன்பணம், ஹீட்டிங் செலவு சேராத வாடகையில் மூன்று மாதம் வரைக்கும் கேட்கலாம். இந்தக் கணக்கையெல்லாம் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், முதல் சில மாதச் சம்பளம் இதற்கே சரியாக இருக்கும், வீட்டுக்கு அனுப்புவதை அதற்கப்புறம் தொடங்குவதாகப் பேசி வையுங்கள்.

அடுத்து சனிக்கிழமை. ஞாயிறு கடை கிடையாது என்பது உண்மை, பெரிய ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், காலையில் சில பேக்கரி, அவ்வளவுதான் திறந்திருக்கும். ஆகவே அரிசி பருப்பு காய்கறி எல்லாம் சனிக்கிழமை வாங்கிவிட வேண்டும். துணி துவைப்பது, வீடு கூட்டுவது எல்லாம் அன்றைக்கே. ஞாயிறு சத்தம் வரும் எந்த வேலையும் செய்யக் கூடாது, ட்ரில் போடுவது கிடையாது, கண்ணாடி பாட்டிலைத் தெருவில் இருக்கும் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது. உங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கேர்வோகே என்று ஒரு வழக்கம் வேறு. அடுக்குமாடியில் ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீட்டுக்காரர் மாடிப்படியையும் வீட்டு முன்பக்க நடைபாதையையும் பெருக்கித் துடைக்க வேண்டும். நம்மூரில் விடிந்ததும் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறோமோ அவ்வளவு முக்கியம் அவர்களுக்கு. உங்கள் முறை வரும் வாரம் அதைச் சரியாகச் செய்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி தானாக வந்து பேசுவார், அப்படித்தான் எனக்கு அந்த ஊரில் முதல் சிநேகிதம் கிடைத்தது.

மூன்றாவது மொழி. ஊருக்கு ஊர் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்று பெரியவர்களுக்கான பொதுப் பள்ளி இருக்கிறது, குறைந்த கட்டணத்தில் ஜெர்மன் வகுப்பு நடத்துவார்கள், சாயங்காலமும் உண்டு. படித்த வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் ப்ளூ கார்டு என்ற குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர் பி1 என்ற நடுநிலை அளவு ஜெர்மன் முடித்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், ஏ1 என்ற ஆரம்ப அளவு மட்டும் என்றால் 27 மாதம். ஆபீஸில் ஆங்கிலம் போதும் என்று இருந்துவிட்டால் டாக்டரிடம் பேசக்கூட ஆள் தேட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் வந்த பிறகு பயணம் இன்னும் மாறும், அதையும் சொல்லி வைக்கிறேன். ஜெர்மனியிலும் சரி இங்கேயும் சரி, பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போனால் அபராதம் போடுவார்கள். எங்களுக்கு ஏப்ரல் கடைசியில் தொடங்கும் மே விடுமுறைக்குள் சித்ரா பௌர்ணமி வந்தால்தான் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்க முடியும். மற்ற வருஷம் அம்மா தல்லாகுளத்தில் நின்றுகொண்டு வீடியோ போட்டுக் காட்டுவார். நீங்கள் தனியாக இருக்கும் காலத்தில் லீவைச் சேர்த்து வைத்து சித்திரைக்கு மதுரை வந்துவிடுங்கள்.

திருநகர் தமிழாசிரியர்:

வணக்கம் அம்மா. நான் ஓய்வு பெற்ற பள்ளித் தமிழாசிரியன், என் மகன் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வேலை பார்க்கிறான். இது உன்னைவிட உன் அப்பா அம்மாவுக்காக எழுதுவது.

நானும் என் மனைவியும் அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தோம். போவதற்கு முன்னால் எங்களுக்கும் இதே கவலைதான், பையன் ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சாப்பிடுகிறானே என்று என் மனைவி இங்கே சாப்பிடாமல் இருந்த நாட்கள் உண்டு. நேரில் பார்த்ததும் அது குறைந்தது. அவன் வீட்டுப் பக்கம் பூங்கா, ஏரி, சைக்கிள் பாதை எல்லாம் இருக்கிறது, ஞாயிறு காலையில் அந்த ஊர்க்காரர்களே குடும்பம் குடும்பமாக நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள், இவனும் நண்பர்களோடு போகிறான். கடை மூடியிருப்பதால் மனிதர்கள் வெளியே வருகிறார்கள். ஐயா, அம்மா, உங்கள் மகளும் அப்படிப் பழகிக்கொள்வாள்.

பெற்றோரை அழைப்பது கடினமில்லை. குடியேறி வீடு அமைந்த பின் நீ அங்கே வெளிநாட்டினர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டெல்லாம் காட்டி, இவர்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று ஓர் உறுதிப் பத்திரம் வாங்கி அனுப்ப வேண்டும், கட்டணம் 29 யூரோ. ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவுக்கு, தலைக்கு 90 யூரோ, அப்புறம் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. 90 நாள் வரை தங்கலாம். மே முதல் செப்டம்பருக்குள் அழைத்துக்கொள், எங்கள் வயதில் குளிர்காலம் தாங்காது.

என் மகன் ஒரு சனிக்கிழமை என்னை ஹாலே என்ற ஊருக்கு அழைத்துப் போனான், லைப்சிக்கிலிருந்து அரை மணி நேரப் பயணம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் படித்த ஊர் அது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் அங்கேதான் லத்தீனில் அச்சானது. அங்கிருக்கும் பிராங்கே நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் நம் பனையோலைச் சுவடிகள் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் பழைய அநாதை இல்லத்தின் மேல்மாடியில் 18-ஆம் நூற்றாண்டு அலமாரிகளோடு ஓர் அரும்பொருள் அறை உண்டு. வாழ்நாள் முழுக்க வகுப்பில் சீகன்பால்கைப் பாடமாக நடத்தியவன் நான், அந்தப் படிகளில் ஏறும்போது எனக்குக் கண் கலங்கியது. எங்கே போனாலும் அந்த ஊருக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பத்து நிமிடம் தேடிவிட்டுப் போ அம்மா.

இன்னொன்று. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்களைவிட நாம் மூன்றரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நாலரை. பேசும் நேரம் ஒன்றை முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடு. எங்களுக்கு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான், அவன் காலைக் காபியோடு உட்காருவான்.

வில்லாபுரத்துப் பொண்ணு:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு முறை படிக்கச் சொன்னார். அக்கா, வீட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தள்ளித் தொடங்குவது பற்றி அப்பாவிடம் பேசிவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். அண்ணே, கான்ஸ்டன்ஸ் ரயிலைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இன்னும் சில கேள்வி. ராத்திரி தனியாக ரயிலில் வருவது எப்படி? குளிர்காலத்தில் பயணம் முடியுமா, இல்லை வீட்டிலேயேதானா? அப்புறம் அம்மா இப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்: நெய், பால்கோவா, கறிவேப்பிலை, கிளம்பும் அன்று மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ. எதையெல்லாம் கொண்டு போகலாம்?

கே.கே.நகர் மீனா அக்கா:

நான் மியூனிக்கில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது மதுரைக்கே திரும்பி வந்துவிட்டேன், கல்யாணத்துக்கு முன்னால் தனியாகத்தான் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

மூட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது, நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், கஸ்டம்ஸில் பிடித்தால் அங்கேயே குப்பையில் போடுவார்கள். பச்சைச் செடி, இலை, பூ, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் இந்த ஐந்துக்குத்தான் விலக்கு. ஆகவே பச்சைக் கறிவேப்பிலையும் மல்லிகையும் முடியாது. அம்மாவிடம் சொல்லுங்கள், கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வற்றல், வடகம், அப்பளம் எல்லாம் தாராளமாகக் கட்டலாம். சின்ன குக்கர் ஒன்றும் இட்லித் தட்டும் வையுங்கள். அரிசி பருப்பு சுமக்க வேண்டாம், ஸ்டுட்கார்ட்டில் ஈழத்தமிழர் கடைகளில் எல்லாம் கிடைக்கும். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது, ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க மாவை அதற்குள் வையுங்கள், காலையில் பொங்கி நிற்கும்.

ராத்திரிப் பயணம். எனக்குத் தனியாக வருவதில் பயம் இருந்ததில்லை, ஆனாலும் சில வழக்கம் வைத்திருந்தேன். ஆள் இருக்கும் பெட்டியில் ஏறுவேன். கடைசி ரயிலை நம்ப மாட்டேன், அதற்கு முந்தைய ரயிலில் கிளம்பிவிடுவேன், ஏனென்றால் அங்கே ரயில் தாமதம் சாதாரணம், மாற வேண்டிய வண்டி போய்விட்டால் நடுராத்திரியில் சின்ன ஸ்டேஷனில் நிற்க வேண்டும். போலீஸ் அவசரத்துக்கு 110, ஆம்புலன்ஸ், தீயணைப்பு 112. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ராத்திரியில் டாக்டர் வேண்டும் என்றால் 116117. மூன்றையும் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

குளிர்காலம்தான் உண்மையான சோதனை, இதை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலரைக்கு இருட்டிவிடும். ஆபீஸ் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. மதுரை வெயிலில் வளர்ந்த நமக்கு நவம்பர் கடைசியில் மனசு சோர்ந்து போவது நிறையப் பேருக்கு வருகிறது. அதனால்தான் சனி ஞாயிறு பகலில் கட்டாயம் வெளியே போக வேண்டும். நல்ல கோட்டும் தண்ணீர் புகாத ஷூவும் அங்கே போய் வாங்குங்கள், இங்கே வாங்குவது அந்தக் குளிருக்குப் பத்தாது. வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிடும், எஸ்லிங்கனில் அதோடு பழங்காலச் சந்தையும் போடுவார்கள், சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களே தேடி வருவார்கள்.

கூட்டத்தோடு நடக்க ஆசை என்றால் ஷ்வேபிஷர் ஆல்ப்ஃபெராயின் என்று 1888-இல் தொடங்கிய மலைநடைச் சங்கம் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஊர்தோறும் கிளை, ஞாயிறு நடை அடிக்கடி உண்டு, வருவோர் பாதிப் பேர் அம்மா அப்பா வயதுக்காரர்கள், மெதுவாகப் பேசிச் சொல்லிக்கொடுப்பார்கள். என் ஜெர்மன் வகுப்பில் வந்ததைவிட அவர்களோடு நடந்ததில் வந்ததுதான் அதிகம்.

கோயிலுக்கு ஏங்கினால் ஜெர்மனியிலேயே ஹம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயில், ஈழத்தமிழர் எழுப்பியது, 2002-இல் கும்பாபிஷேகம். கோடையில் தேர் ஓடும், ஐரோப்பா முழுக்க இருந்து ஜனம் வரும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து தூரம், முன்கூட்டியே ஐசிஇ டிக்கெட் எடுத்தால் விலை குறையும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் பக்கம் பாரிஸ் லா ஷபேல் பகுதியில் மாணிக்க விநாயகர் தேர், அங்கே தெருவே நம்மூர்க் கடைகளாக இருக்கும், முருங்கைக்காயும் வாழைக்காயும் வாங்கிக்கொண்டு வரலாம். பாரிஸுக்கு முதல் முறை போவதென்றால் அந்த வாரம் பார்த்துப் போங்கள்.

தல்லாகுளத்தான்:

ஒன்று விட்டுப்போனது தங்கச்சி. இப்போது கையில் இருக்கும் உங்கள் டி விசாவை (நீண்டகால விசா) வைத்தும், பின்னால் வரும் குடியிருப்பு அட்டையை வைத்தும் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். சுவிட்சர்லாந்தும் அதில் சேர்த்தி, ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, போன் ரோமிங்குக்குத் தனியாகப் பணம் போகலாம், எல்லை தாண்டும் முன் பார்த்து அணைத்துவிடுங்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் கிடையாது, வேறு விசா வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை தொடங்கியது, ரயிலிலும் போலீஸ் ஏறும். அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். லிண்டாவிலிருந்து ப்ரெகென்ஸுக்கு அந்தச் சின்னப் பயணம் போனாலும் சரி.

செப்டம்பரில் வீடு பார்க்கப் போகும்போது மொழிக்கு ஆள் வேண்டும் என்றால் இங்கேயே எழுதுங்கள். நானும் என் மனைவியும் ஒரு சாயங்காலம் எஸ்லிங்கன் வந்துவிடுகிறோம்.